தளம் ஒழுகினால் முதலில் மேலே ஏறுங்கள்

எங்கள் வீடு கடலூரில் இருக்கிறது. கடல் நடந்து போகும் தூரம்தான். அப்பா 1986இல் கட்டிய வீடு. சில ஆண்டுகளுக்கு முன் முன்னறை சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓதம் தெரிந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் தாம்பாளம் அளவுக்குத் திரும்ப வந்தது. மறுபடியும் அடித்தோம். மூன்றாவது ஆண்டு, நல்ல வெயில் நாளில், இரண்டு கிலோ காரை பெயர்ந்து ஊஞ்சல் பலகையின் மேல் விழுந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அப்பா அன்று வங்கிக்குப் போயிருந்தார்.

நாங்கள் செய்ததெல்லாம் தலைகீழ் வரிசை. தளத்துக்குள் தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது, நடுவில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, கடைசியில்தான் கீழே கறையாகத் தெரிகிறது. சரிசெய்வதும் அதே வரிசையில்தான்: முதலில் தண்ணீர், பிறகு கம்பி, கடைசியில் பூச்சு. பழைய வீடு வாங்கியவர்களும், பெற்றோர் வீடு கைக்கு வந்தவர்களும் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில், தலைக்கு மேல் இருப்பது என்ன?

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகைக் கூரைகளைப் பார்க்கலாம். கான்கிரீட் தளம், மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், ஓடு, ஷீட். ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

கான்கிரீட் தளம் என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. அடியில் நான்கைந்து அங்குலக் கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் தட்டிப் போட்ட அடுக்கு. அதற்கு மேல் தட்டோடு. வாட்டம் கொடுப்பதும் வெயிலைத் தாங்குவதும் மேல் அடுக்குகளின் வேலை. கம்பி இருக்கும் கான்கிரீட்டுக்கு அவைதான் குடை. குடை கிழிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் கீழே இருப்பது நனைந்த செய்தி நமக்கு எட்டுகிறது.

மெட்ராஸ் டெரஸ் வீடு உங்களுடையதானால் ஒன்று மட்டும் சொல்கிறேன். அதன் மேல் சிமென்ட் கலவையைக் கொட்ட யாரையும் விடாதீர்கள். தேக்குச் சட்டங்களும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடுபவை. மேலே சிமென்டைப் போட்டு மூடினால் ஈரம் மரத்தில் தங்கும். சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடம்தான் முதலில் உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திருப்புளியால் குத்திப் பார்த்தால் தெரியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவது கடினம்தான், ஆனாலும் தேடுங்கள்.

எப்போது ஒழுகுகிறது என்று குறித்துவையுங்கள்

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு மூன்று மழைக்கு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினால் போதும்.

மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே சொட்டினால், தண்ணீருக்கு நேர்வழி இருக்கிறது: கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல், மழைநீர்க் குழாயின் வாயோரம், தொட்டிக் காலின் அடி. மழை நின்று ஒரு நாள் கழித்தும் சொட்டிக்கொண்டிருந்தால், ஜல்லி அடுக்கு பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது என்று பொருள். சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லையா? அது மழையே அல்ல. மேல்நிலைத் தொட்டி, குளியலறை, சுவருக்குள் ஓடும் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். தெரிந்த ஒருவர் தளம் முழுக்கப் பூச்சடித்து முடித்த பிறகுதான் தொட்டிக் குழாயின் ஒரு வளைவில் கசிவு இருப்பதைக் கண்டுபிடித்தார்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். தளத்துக்குள் மின்கம்பிக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு மூலையில் இறங்கிய தண்ணீர் அந்தக் குழாய் வழியே பத்தடி நகர்ந்து, மின்விசிறிப் பெட்டியில் வந்து சொட்டும். விசிறியிலோ விளக்கிலோ தண்ணீர் தெரிந்தால் அந்த அறையின் இணைப்பை உடனே நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மொட்டை மாடியில் என்ன பார்ப்பது?

மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து ஏறுங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே வாட்டம் கெட்டிருக்கிறது. பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலமாவது குழாய் வாயை நோக்கிச் சரிவு வேண்டும்.

அடுத்து குழாயின் எண்ணிக்கை. நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, ஏறத்தாழ ஐந்நூறு சதுர அடிக்கு ஒரு நான்கு அங்குலக் குழாய். ஆயிரம் சதுர அடித் தளத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. அதே அளவுத் தளத்துக்கு அது 45 ஆயிரம் லிட்டர், பெரிய தண்ணீர் லாரிகளில் நான்கு. வேப்பஞ்சருகும் குருவிக்கூடும் அடைத்த ஒரே குழாய் அதை என்ன செய்யும்? மழைக்கு முன் குழாய் வாயைச் சுத்தம் செய்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிக மலிவான வேலை. புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

பிறகு கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. சுவர் ஒரு வேகத்தில் சூடாகி விரிகிறது, தளம் வேறு வேகத்தில் விரிகிறது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல் சுற்றிலும் ஓடும். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின. அந்த மூலையைச் செங்குத்தாக விடாமல், கலவையை வளைவாக வைத்துச் சுவரில் ஓரடி உயரம் வரை பூச்சை ஏற்ற வேண்டும்.

அரச மரமும் ஆல மரமும் காகத்தின் புண்ணியத்தில் விரிசலில் முளைக்கும். இலையைக் கிள்ளினால் வேர் தடிக்கும். சுற்றியுள்ள கலவையை உளியால் எடுத்து வேரை முழுதாக உருவுங்கள். அரச மரத்தை வெட்டக் கூடாது என்று அம்மா தயங்கினார். பிடுங்கியதைத் தொட்டியில் நட்டுக் குளக்கரையில் வைத்தோம்.

இவ்வளவு பார்த்தும் வழி தெரியவில்லையென்றால் தண்ணீர் தேக்கிப் பார்க்கலாம். தளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, களிமண்ணால் வரப்புக் கட்டி, குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஒரு பகுதியில் மட்டும் இரண்டு அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே நனைந்தால் அந்தப் பகுதிதான். நனையாவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. கீழே கம்பி வெளியே தெரியும் தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

கீழிருந்து தட்டிப் பார்ப்பது

சின்னச் சுத்தியல் அல்லது குச்சியின் முனையால் சீலிங்கை அடிக்கு ஓர் இடமாகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். கண்ணாடியும் தலைக்கவசமும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். தட்டும்போதே விழலாம்.

ஏன் பிரிகிறது? நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கும்போது அந்தக் காரம் குறைகிறது. கடலோரத்தில் உப்பு வேறு சேர்ந்து வேலையை விரைவாக்குகிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். அந்த நெருக்கல்தான் காரையைக் கீழே தள்ளுகிறது. ஆகவே கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது பூச்சுச் சிக்கல் அல்ல. எங்கள் வீட்டில் அப்பா பிறகு ஒப்புக்கொண்டார்: தளம் போட்ட நாளில் லாரித் தண்ணீர் வராததால் உவர்க் கிணற்றுத் தண்ணீரையே கலந்திருக்கிறார்கள். முப்பது ஆண்டு கழித்து அதற்கு வட்டி கட்டினோம்.

இந்த நிலைக்கு வந்துவிட்டால் கொத்தனாரை மட்டும் நம்பாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்து வாருங்கள். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துக் காட்டச் சொல்லுங்கள். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும், போன இடம் நிறம் மாறாது. கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூச்சு விற்கும் நிறுவனத்தின் இலவச ஆய்வு எப்படியும் பூச்சில்தான் போய் முடியும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் தொழில்.

சன்ஷேடையும் மறக்காமல் பாருங்கள். அதன் முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்கும். கான்கிரீட் போட்ட நாளில் அதை மிதித்துக் கீழே அழுத்தியிருந்தால், சன்ஷேட் பெயரளவுக்குத்தான் நிற்கிறது. அதில் ஏறி நின்று ஒட்டடை அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

சேதம் ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் பழுது போதும். தளர்ந்த காரையை முழுக்கத் தட்டி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கத்துக்கும் விரல் போகும் அளவுக்குக் கொத்திவிட்டு, துருவை இரும்புத் தூரிகையால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். மேஸ்திரிகள் பலர் கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசுவார்கள். பின்பக்கத்துத் துரு இரண்டு ஆண்டில் அந்தப் பூச்சைத் தள்ளிவிடும். ஆகவே பூசுவதற்கு முன் நீங்களே ஏணியில் ஏறி ஒவ்வொரு கம்பியையும் போட்டோ எடுத்துவையுங்கள். வேலையாளுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

சேதம் அறை முழுக்கப் பரவியிருந்தாலும், தளம் நடுவில் தொய்ந்திருந்தாலும், பல கம்பிகள் நூலாகத் தேய்ந்திருந்தாலும் மாற்றுவதுதான் வழி. எங்கள் வீட்டில் முன்னறைத் தளத்தை இடித்துப் புதிதாகப் போட்டோம். மற்ற அறைகளுக்குப் பழுது போதும் என்றார் பொறியாளர்.

மேலே மேலே போடாதீர்கள்

இதைத்தான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒழுகினால் இருப்பதன் மேலேயே இன்னொரு அடுக்குப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். எங்கள் மாடியில் தோண்டியபோது ஜல்லி அடுக்கு, தட்டோடு, அதன் மேல் ஒரு சிமென்ட் கலவை, அதற்கும் மேல் வெள்ளை டைல்ஸ் என்று வந்துகொண்டே இருந்தது. கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றதற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது. சுவர் குட்டையாகவில்லை, தரை உயர்ந்திருக்கிறது.

ஓர் அங்குலச் சிமென்ட் கலவை சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து டன். மூன்று அங்குல ஜல்லி அடுக்கு பன்னிரண்டு டன்னுக்குக் குறையாது. நாளுக்கு நாள் கம்பி தேயும் தளத்தின் தலையில் ஆண்டுக்கு ஆண்டு சுமையை ஏற்றுகிறோம். போதாக்குறைக்கு, பழைய அடுக்கு குடித்த தண்ணீர் புதிய அடுக்கின் அடியில் சிறைப்பட்டு, போக வேறு வழியின்றிக் கீழேதான் இறங்கும். ஆகவே பழையதை அடி கான்கிரீட் தெரியும்வரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இடிக்கும் கூலியும் குப்பை அள்ளும் கூலியும் கசக்கும். அந்தச் செலவைத் தவிர்த்தால் மொத்த வேலையும் வீண்.

மேல் அடுக்கு நல்ல நிலையில் இருந்து மூட்டுகளிலும் மயிரிழை விரிசல்களிலும் மட்டும் கசிந்தால், மீள்தன்மையுள்ள வெள்ளைப் பூச்சு போதும். அது சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சட்டை, நிரந்தரமல்ல. ஈரத் தளத்தில் அடித்தால் கொப்புளமாகக் கிளம்பும். தளம் சில வாரம் நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில், காலையிலோ மாலையிலோ அடியுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம்.

புதுத் தளம் போடும் நாள்

இடிப்பதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் அவர்களிடமும் சொல்லி, அவர்கள் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைக்கு இது மருந்து. பழைய சுவரும் அஸ்திவாரமும் புதுத் தளத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் எழுதித் தர வேண்டும்.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிப்படி கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்20 என்ற வலிமைத் தரத்துக்குக் குறைந்த கலவை கூடாது. கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு எம்30. கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடும் கனம் சாதாரண இடத்தில் 20 மி.மீ., கடுமையான சூழலில் 45 மி.மீ. இதை வரைபடத்தில் எழுதினால் போதாது. கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். உடைந்த ஜல்லித் துண்டை முட்டுக்கொடுப்பது வழக்கம், அது நகர்ந்துவிடும்.

தளம் போடும் நாளில் வேலையாட்களுக்குப் பிரியாணி போடுவது நம் மரபு, போடுங்கள். ஆனால் அதற்கடுத்த பத்து நாள்தான் தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, நம் வெயிலுக்குக் குறைந்தது பத்து நாளாவது வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் மறப்பார். காலையும் மாலையும் நீங்களே ஏறிப் பாருங்கள். முட்டுகளைப் பதினான்கு நாளுக்கு முன் பிரிக்க விடாதீர்கள். பலகை வாடகை ஏறுகிறது என்பார்கள். அந்த வாடகை உங்கள் தளத்தைவிடப் பெரிதல்ல.

ஓடும் ஷீட்டும்

ஓட்டு வீட்டில் ஓடு உடைவது சின்ன விஷயம், உடைந்ததை மாற்றிக்கொள்ளலாம். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை வைத்துப் பரப்பிய அதே கொக்கி ஓடுதான் இன்றும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் வாங்கும்போது முத்திரையையும் அளவையும் ஒப்பிட்டு வாங்குங்கள், அச்சு மாறினால் கொக்கி பொருந்தாது. உண்மையான கவலை ஓட்டின் அடியில் உள்ள ரீப்பர் சட்டமும் அதைத் தாங்கும் கைமரமும். கரையான் மண்கோடும், தொட்டால் உதிரும் பொடியும் தெரிந்தால் மொத்த ஓட்டையும் இறக்கி மரத்தை மாற்றிவிட்டுத்தான் திரும்ப வேய வேண்டும். ஓட்டின் மேல் நடக்கும்போது மரத்தின் மேலாகக் கால் வைக்க வேண்டும், அல்லது பலகை போட வேண்டும்.

ஷீட் கூரைக்கு எதிரி மழையைவிடக் காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊர்ப் பக்கம் கரை கடந்தபோது தெருவில் ஷீட்டுகள் காகிதம் போலப் பறந்தன. காற்று மேலிருந்து அழுத்துவதைவிட ஓரத்தில் புகுந்து தூக்குவதுதான் அதிகம். ஆகவே ஓரத்து வரிசைகளில் போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள். வாஷரின் ரப்பர் வெயிலில் காய்ந்து போகும், சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டானால் அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்த இழைத்தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். மாற்றும்போது தண்ணீரால் நனைத்து, போல்ட்டை அறுத்து, முழுதாக இறக்க வேண்டும்.

ஆளும் காகிதமும்

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: பழைய அடுக்கை எடுப்பதும் குப்பை அகற்றுவதும் சேர்த்தா, கைப்பிடிச் சுவரின் ஓரமும் அளவில் வருகிறதா, எந்தப் பொருள் எத்தனை முறை. ‘பத்து ஆண்டு உத்தரவாதம்’ என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. யார் தருகிறார், எது கெட்டால் என்ன செய்வார் என்று தாளில் வர வேண்டும். கூலியில் பத்தில் ஒரு பங்கை அடுத்த மார்கழி முடிந்த பிறகுதான் தருவேன் என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ஒத்துக்கொள்ளும் ஆள் பெரும்பாலும் நல்ல வேலைக்காரராக இருப்பார்.

அடுக்குமாடியில் மேல்தள வீட்டுக்காரர் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை. மொட்டை மாடி பொதுச் சொத்து, சங்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

காப்பீடும் ஒரு வழி. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளச் சேதத்துக்கு உதவும். பராமரிக்காமல் மெல்ல மெல்லக் கெட்டதற்கு உதவாது. எனவே தளம் நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை தேதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள்.

எங்கள் வீட்டில் வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. மற்ற அறைகளின் சீலிங்கில் பென்சில் கோடுகளும் தேதிகளும் அப்படியே இருக்கின்றன. எதுவும் கோட்டைத் தாண்டவில்லை. பெயின்ட் அடிக்க இந்தத் தைக்குத்தான் ஆள் சொல்லியிருக்கிறேன்.